வாடுகிற தக்காளிக்கு எந்த ஊக்கி அடிக்கலாம்?

செம்மண்காடு:

வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு ஏக்கர் தக்காளி. சொட்டுநீர். நட்டு இன்றோடு 42 நாள். பூ நன்றாக இருக்கிறது, அங்கங்கே பிஞ்சும் தெரிகிறது. போர்தான் பிரச்சினை. பிப்ரவரி வரை நான்கு மணி நேரம் ஓடியது, இப்போது ஒன்றரை மணி நேரத்தில் காற்று வாங்குகிறது. மதியம் 12 மணிக்கே இலை தொங்கிவிடுகிறது, சாயங்காலம் 5 மணிக்கு மேல் நிமிர்கிறது.

உரக்கடையில் சொன்னேன். 'வறட்சி தாங்கும், பச்சை கட்டும்' என்று ஒரு டானிக் கொடுத்தார்கள். 16 லிட்டர் டேங்குக்கு 25 மில்லி. இன்னும் அடிக்கவில்லை. வறட்சிக்கு வளர்ச்சி ஊக்கி வேலை செய்யும் என்று ஒரு வீடியோவிலும் பார்த்தேன். யாராவது அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? எந்த ஊக்கி நல்லது?

மானாவாரி:

தண்ணீர் இல்லாத பயிருக்கு டானிக் அடிப்பது, பட்டினி கிடக்கிறவனுக்குப் பல் விளக்கிவிடுகிற மாதிரி. காசைத் தண்ணீர் லாரிக்குக் கொடு.

செம்மண்காடு:

லாரித் தண்ணீர் வாங்கித் தக்காளி வளர்த்தால் பெட்டி என்ன விலைக்கு விற்பது அண்ணா? 14 கிலோ பெட்டி நூறு ரூபாய்க்குக் கேட்கிற நாளும் உண்டு. அதனால்தானே இங்கே வந்து கேட்கிறேன்.

இலைத்துளை:

தம்பி, முதலில் அந்த டானிக்கின் லேபிளைப் படித்து, உள்ளே என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று இங்கே போடு. அதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

'ஊக்கி' என்கிற சொல்லே நம்மைத் தப்பான வழிக்குக் கொண்டுபோகிறது. பயிரின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிற பொருட்களில் சிலது வளர்ச்சியைத் தூண்டும், சிலது அடக்கும். கடையில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்: ஊக்கி, டானிக், குரோத். வறட்சியில் பயிருக்கு உதவுகிறவற்றில் பலவும் அடக்குகிற வகை. செடி பெரிதாகாமல், இலை விரியாமல், உள்ள நீரைப் பிடித்துவைக்கச் செய்பவை. வண்டி இறக்கத்தில் போகும்போது பிரேக் வேண்டும், நாம் போய் ஆக்ஸிலரேட்டர் கேட்கிறோம்.

செடிக்குள் இந்த வேலையைச் செய்வது அப்சிசிக் அமிலம். வேர்ப்பகுதி மண் காய ஆரம்பித்ததும் செடிக்குள் அதன் அளவு ஏறும். இலையின் அடியில் இருக்கிற துளைகளின் காவல் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறும், செல்கள் தளரும், துளை மூடும், ஆவியாவது குறையும். 1960களின் தொடக்கத்தில் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. ஒன்று பருத்திக்காய் உதிர்வைப் பார்த்துக்கொண்டிருந்தது, இன்னொன்று மரங்களின் மொட்டு உறக்கத்தை. உதிர்வு என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். கடைசியில் உதிர்வில் பெரும்பங்கு எத்திலீனுக்குத்தான் என்று தெரிந்தது. இந்தத் துறையில் பெயர் எதுவுமே சரியாக அமைந்ததில்லை போலிருக்கிறது.

உன் செடி மதியம் தொங்கிச் சாயங்காலம் நிமிர்கிறது என்றால் இன்னும் காலம் இருக்கிறது. விடியற்காலையிலும் தொங்கிக்கொண்டே இருந்தால் எந்த மருந்தும் பயனில்லை.

செம்மண்காடு:

லேபிள் பார்த்தேன் ஐயா. 'ஜிப்ரெல்லிக் அமிலம் 0.001 சதவீதம்' என்று இருக்கிறது. பின்பக்கம் பயிர்ப் பெயர்கள் சின்ன எழுத்தில் இருக்கின்றன, செல்போன் வெளிச்சத்தில்தான் படிக்க முடிந்தது. வறட்சி என்ற சொல் எங்கேயும் இல்லை. அது கடைக்காரர் வாயிலிருந்து வந்தது.

இலைத்துளை:

நினைத்தேன். ஜிப்ரெல்லின் கணுவிடையை நீட்டும், தண்டை உயர்த்தும், இலையை விரிக்கும். இலை பெரிதானால் ஆவியாகும் நீரும் கூடும். உன் போர் ஒன்றரை மணி நேரம் ஓடுகிற நிலையில் இது வேண்டாம்.

கடைவீதி:

நான் 11 வருஷமாக உரக்கடை வைத்திருக்கிறேன், வேறு மாவட்டம். கடைக்காரர்களைத் திட்டுவது சுலபம். காலையில் 9 மணிக்கு ஒருவர் வந்து, 'செடி வாடுது, ஏதாவது கொடு' என்கிறார். 'ஒன்றும் வேண்டாம், போய்த் தண்ணீர் பாய்ச்சுங்கள்' என்று சொன்னால் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு போகிறார். அடுத்த மாதம் உரம் வாங்கவும் அங்கேயே போகிறார்.

வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. ஜிப்ரெல்லிக் அமிலம், என்.ஏ.ஏ., எத்தோஃபான், குளோர்மெக்குவாட், பேக்லோபுட்ரசால் போன்ற வளர்ச்சி மருந்துகள் எல்லாம் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ்ப் பதிவானவை. எந்தப் பயிருக்கு, எவ்வளவு, அறுவடைக்கு எத்தனை நாள் முன்னால் என்று லேபிளில் இருக்கும். கடற்பாசிச் சாறு, ஹியூமிக், அமினோ அமிலம் இதெல்லாம் வேறு வகை. 2021இல்தான் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் பாட்டிலில் ஊற்றி ஸ்டிக்கர் ஒட்டி விற்கலாம் என்கிற நிலைதான். பதிவு எண் இல்லாத பாட்டிலை வாங்காதீர்கள். என் கடையில் இருந்தாலும் வாங்காதீர்கள்.

முண்டுக்காரி:

நான் ராமநாதபுரம் மாவட்டம், கரிசல். எங்களுக்கு முண்டு மிளகாய். புரட்டாசி, ஐப்பசியில் மழையை நம்பி விதைப்போம். மார்கழியோடு மழை முடிந்துவிடும், அதற்கப்புறம் மண்ணில் இருக்கிற ஈரம்தான். 2016 வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்ததே, அந்த வருஷம் எங்கள் காட்டில் செடி முழங்கால் உயரம்கூட வரவில்லை. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தார்கள். நிவாரணம் வந்தது, மிளகாய் வரவில்லை.

அதற்கப்புறம்தான் தெளிப்பெல்லாம் பழகினேன். இப்போது இரண்டுதான் வைத்திருக்கிறேன். ஒன்று, வேளாண் பல்கலைக்கழகம் கொடுக்கிற பி.பி.எஃப்.எம். பாட்டில் இளஞ்சிவப்பாக இருக்கும். அது மருந்து இல்லை, உயிருள்ள பாக்டீரியா. 10 லிட்டருக்கு 100 மில்லி, வெயில் தாழ்ந்தபிறகு அடிப்பேன். முந்தின நாள் பூச்சிமருந்து அடித்த டேங்கில் அப்படியே ஊற்றினால் பாக்டீரியா செத்துப்போகும், வெறும் ரோஸ் தண்ணீர்தான் அடித்தது போல ஆகும். முதல் தடவை அப்படித்தான் செய்தேன். அப்புறம் அதற்கென்று ஒரு கைத்தெளிப்பான் தனியாக வாங்கி, சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருக்கிறேன். பிள்ளைகள்கூடத் தொடமாட்டார்கள்.

இன்னொன்று கடற்பாசிச் சாறு. மண்டபம் பக்கம் பெண்கள் மூங்கில் மிதவை கட்டி வளர்க்கிற கப்பாபைகஸ் பாசியிலிருந்து எடுப்பது. எங்கள் ஊர்ச் சரக்கு என்பதால் கொஞ்சம் பிரியம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டும் மழை கொண்டுவராது. மழை நின்றபிறகு பூ நிற்கிற நாட்களைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறது. மானாவாரி மிளகாயில் ஒரு பறிப்பு கூடுதலாகக் கிடைத்தால் அதுதான் லாபம்.

மானாவாரி:

அக்கா, பாக்டீரியா இலைமேல் என்ன தின்று வாழும்? ஒரு சந்தேகம்தான்.

இலைத்துளை:

நல்ல கேள்வி. இலை வளரும்போது செல்சுவரில் இருக்கிற பெக்டினிலிருந்து மெத்தனால் வெளியாகிறது, அது இலைத்துளை வழியாகக் கசியும். அந்த மெத்தனால்தான் இந்தப் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. பதிலுக்கு சைட்டோகைனின், ஆக்சின் போன்ற வளர்ச்சிப் பொருட்களைக் கொடுக்கிறது. சைட்டோகைனின் இலை முதிர்ந்து மஞ்சளாவதைத் தள்ளிப்போடும். அக்கா சொன்ன 'பூ நிற்கிற நாட்கள்' அதனால் இருக்கலாம்.

கத்தரிக்கொல்லை:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். என் அனுபவத்தைச் சொல்லாவிட்டால் பாவம்.

மூன்று வருஷம் முன்பு கத்தரி நாற்று நட்ட சமயத்தில் வறட்சி. 'செடி குட்டையாக இருந்தால் தண்ணீர் குறைவாகக் குடிக்கும்' என்று ஒருவர் சொன்னார். மாமரத்துக்கு ஊற்றுகிற பேக்லோபுட்ரசால் எங்கள் வீட்டில் மீதி இருந்தது. அளவு யாருக்கும் தெரியாது. குத்துமதிப்பாக வென்ச்சுரியில் (சொட்டுநீர்க் குழாயில் உரம் கலந்துவிடுகிற கருவி) கலந்து சொட்டுநீரில் விட்டுவிட்டேன்.

செடி குட்டையானது உண்மை. இலை கரும்பச்சையாக, தடிமனாக, தொட்டால் தோல் போல இருந்தது. மதியத்திலும் வாடவில்லை. இரண்டு வாரம் ஊரெல்லாம் பெருமையடித்தேன். அப்புறம் மழை வந்தது. பக்கத்துக் காட்டுக் கத்தரி கிடுகிடுவென்று எழுந்தது, என்னுடையது அசையவே இல்லை. முழத்தில் நின்றுவிட்டது. கணுவும் கணுவும் ஒட்டிக்கொண்டு, காய் இலைக்கடியில் தரையைத் தொட்டு அழுகியது. சரி போகட்டும் என்று உழுதுவிட்டு வெண்டை போட்டேன். வெண்டையும் குட்டை! அப்போதுதான் மண்ணிலேயே அது தங்கியிருக்கிறது என்று உறைத்தது.

இலைத்துளை:

இதைத்தான் சொல்ல வந்தேன், நீங்கள் அனுபவித்தே சொல்லிவிட்டீர்கள். பேக்லோபுட்ரசால் செடி ஜிப்ரெல்லின் தயாரிப்பதைத் தடுக்கிறது, கூடவே அப்சிசிக் அமிலம் சிதைவதையும் குறைக்கிறது. அதனால்தான் வறட்சி தாங்கியது. ஆராய்ச்சிக்கூடத் தொட்டியில் அற்புதமாக இருக்கும். ஆனால் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், சில மண்ணில் வருஷத்தையும் தாண்டும். மாமரம் ஒரே இடத்தில் பல வருஷம் நிற்கிறது, அங்கே அது பொருந்தும். 120 நாளில் முடிந்து அடுத்த பயிர் வருகிற காய்கறிக்காட்டில் அதை மண்ணில் ஊற்றக் கூடாது. தின்கிற காயில் மிச்சம் தங்குகிற கேள்வியும் இருக்கிறது.

குட்டையான செடிக்கு ஜிப்ரெல்லிக் அமிலம் தெளித்தால் ஓரளவு எழும். உள்ளே தயாரிப்பு நின்றுபோனதை வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். செம்மண்காடு கையில் இருக்கிற பாட்டில் உங்களுக்கு அன்று கொஞ்சம் உதவியிருக்கலாம்!

செம்மண்காடு:

ஹா ஹா. அப்படியானால் எனக்கு என்னதான் ஐயா வழி? அப்சிசிக் அமிலமே கிடைக்காதா?

இலைத்துளை:

வெளிநாட்டில் திராட்சைக்கு நிறம் வரவும், நாற்றுகள் லாரியில் போகும்போது வாடாமல் இருக்கவும் விற்கிறார்கள். பூஞ்சையை நொதிக்கவைத்து எடுக்கிறார்கள், விலை அதிகம், வெளிச்சத்தில் சிதையும். நம் பக்கத்துக் கடையில் தக்காளிக்கென்று நான் பார்த்ததில்லை.

கிடைத்தாலும் ஒன்று யோசிக்க வேண்டும். துளை மூடினால் நீர் வெளியே போகாது, சரி. கரியமில வாயுவும் உள்ளே வராது. செடி பிழைக்கும், காய் பெருக்காது. துளையை மூடுகிற எந்த மருந்து அடித்தாலும் இந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். நாற்றுக்கு இது பரவாயில்லை, பத்து நாள் பிழைத்தால் போதும். பூவும் பிஞ்சுமாக நிற்கிற 42 நாள் செடியில் முழுக்க மூடிவைத்தால் சந்தைக்கு எதைக் கொண்டுபோவாய்? ஒரு நல்லதும் இருக்கிறது: இலையில் அப்சிசிக் அமிலம் தெளித்த தக்காளியில் காயின் அடி கறுத்துப்போவது குறைந்ததாக ஆய்வுகள் உண்டு. இலை குடிக்கிற நீர் குறைந்தால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போகிறது.

உன் நிலைக்கு நான் செய்வது இதுதான். சாலிசிலிக் அமிலம் 100 பி.பி.எம்., அதாவது 10 லிட்டருக்கு 1 கிராம். தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் காலை 7 மணிக்குள் தெளி. வாடிய இலையில் அடிக்காதே, வாடுவதற்கு முன்னால் அடி. செடி தன் தற்காப்பைத் தயார் செய்ய நேரம் வேண்டும். அதிகமானால் இலைக்கரை கருகும், முதலில் பத்துச் செடியில் அடித்து இரண்டு நாள் பார்.

நாற்றங்கால்:

தோட்டக்கலை மாணவி. சாலிசிலிக் அமிலம் பச்சைத் தண்ணீரில் லேசில் கரையாது, மேலே வெள்ளையாக மிதக்கும். அப்படியே டேங்கில் போட்டு நாசில் அடைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் வெந்நீரில் நன்றாகக் கலக்கி, தெளிவானபிறகு டேங்கில் ஊற்றுங்கள். 16 லிட்டருக்கு 1.6 கிராம், மளிகைக்கடைத் தராசில் அது காட்டாது. எங்கள் வீட்டில் நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி ஒரு குட்டி எலக்ட்ரானிக் தராசு வாங்கினோம், அப்பா ஆரம்பத்தில் சிரித்தார்.

இன்னொன்று, பூ கொட்டினால் என்.ஏ.ஏ. 4.5 சதவீத மருந்து கிடைக்கும். நாலரை லிட்டருக்கு 1 மில்லி போட்டால் 10 பி.பி.எம். மிளகாய்க்கு 60, 90ஆம் நாளில் அந்த அளவுதான் சொல்வார்கள். மூடியால் ஊற்றாதீர்கள், ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து ஊற்றுங்கள். அது ஆக்சின் வகை. களைக்கொல்லியாக அடிக்கிற 2,4-டி-யும் ஆக்சின் வகைதான், கை கூடினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மானாவாரி:

எங்கள் அப்பா தேமோர் கரைசல் அடிப்பார். தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்து. அதுவும் ஊக்கிதானே?

நாற்றங்கால்:

உங்கள் அப்பா விஷயம் தெரிந்தவர் அண்ணா! தேங்காயில் சைட்டோகைனின் உண்டு. 1941இலேயே ஆய்வகத்தில் ஊமத்தைக் கருவை வளர்க்க இளநீரைத்தான் ஊற்றினார்கள். ஆனால் புளித்தபிறகு கரைசலில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பது பானைக்குப் பானை மாறும்.

கடைவீதி:

பொட்டாஷ் பற்றி யாரும் சொல்லவில்லையே. பொட்டாசியம் குளோரைடு 1 சதவீதம், 10 லிட்டருக்கு 100 கிராம். மானாவாரிப் பயிருக்கு அதிகாரிகள் எப்போதும் சொல்வது. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் மட்டும் வேண்டாம், குளோரைடு இன்னும் சேர்ந்து இலை பொரியும். அந்த மாதிரி இடத்தில் 0-0-50, அதாவது பொட்டாசியம் சல்பேட் கொடுப்பேன். கேயோலின் களிமண் 3 சதவீதமும் அடிக்கலாம், இலை வெள்ளை பூசிய மாதிரி இருக்கும், வெயிலைத் திருப்பிவிடும். ஆனால் தக்காளியில் வெள்ளை படிந்தால் மண்டியில் முகம் சுளிப்பார்கள், காய் வருவதற்கு முன்னால் அடிக்க வேண்டும்.

முண்டுக்காரி:

தம்பி, கோபித்துக்கொள்ளாதே. உன் போர் ஒரு ஏக்கருக்குப் போதாது. பாதிக் காட்டை விட்டுவிடு. எந்தப் பாதியில் பிஞ்சு அதிகமோ அதற்கு முழுத் தண்ணீர் கொடு, மீதிக்கு கேட் வால்வை மூடு. மனசு கேட்காது, தெரியும். நான் ஒரு வருஷம் எல்லாவற்றையும் காப்பாற்றப் பார்த்து எதுவுமே தேறாமல் உட்கார்ந்தேன்.

செம்மண்காடு:

இதைப் படித்துவிட்டு அரைமணி நேரம் மோட்டார் ரூம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன் அக்கா. நாளைக்குச் சொல்கிறேன்.

செம்மண்காடு (24 நாள் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

மேற்கே 40 சென்ட்டின் வால்வை மூடிவிட்டேன். மீதி 60 சென்ட்டில் நான்கு வரிசைக்கு மட்டும் எதுவும் அடிக்கவில்லை, மற்றதற்கெல்லாம் சாலிசிலிக் அமிலம். வெந்நீரில் கரைத்தேன், அம்மா டீ போடுகிற பாத்திரம், அதற்குத் தனிச் சண்டை. பத்து நாள் கழித்து பி.பி.எஃப்.எம். ஒரு தடவை. சிவப்பு ரிப்பன் கட்டினேன்.

அடிக்காத வரிசை 12 மணிக்குத் தொங்கினால், அடித்த வரிசை ஒன்றரை, இரண்டு மணிக்குத்தான் தொங்குகிறது. பூ கொட்டுவது குறைந்த மாதிரி தெரிகிறது, எண்ணிப் பார்க்கவில்லை, அதனால் அடித்துச் சொல்லமாட்டேன். வித்தியாசம் இருக்கிறது, அதிசயம் இல்லை. அதிசயம் வேறு இடத்தில் பார்த்தேன். தென்கோடியில் மூன்று வரிசைக்குச் சோளத்தட்டை போட்டு மூடியிருந்தேன், மாட்டுக்குப் போக மிச்சமிருந்தது. அந்த மூன்று வரிசை மருந்து அடித்ததைவிட நன்றாக நிற்கிறது. தட்டையை விலக்கினால் மதியம் 3 மணிக்கும் மண் கையில் ஒட்டுகிறது.

நேற்று முதல் பறிப்பு, ஒன்பது பெட்டி. மேற்குப் பக்கம் போகவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை.

மானாவாரி:

சோளத்தட்டைக்கு எந்தக் கம்பெனி லேபிள்?

இலைத்துளை:

அந்த மூன்று வரிசைக்கும் சாலிசிலிக் அடித்தாயா, அடிக்கவில்லையா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டாய்.

செம்மண்காடு:

அடித்தேன் ஐயா. ஒரு வரிசையையாவது தட்டை மட்டும் போட்டு, அடிக்காமல் விட்டிருக்க வேண்டும். இப்போதுதான் தோன்றுகிறது. அடுத்த நடவுக்குக் குழித்தட்டில் நாற்று இருக்கும்போதே ஆரம்பிக்கிறேன், அப்போது இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் போடுகிறேன். அந்த ஜிப்ரெல்லிக் பாட்டில் மூடி திறக்காமல் மோட்டார் ரூம் மாடத்தில் இருக்கிறது. கத்தரிக்கொல்லை அண்ணா, வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கத்தரிக்கொல்லை:

முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பு தம்பி. தராசும் இரவல் கிடைக்குமா?